ஒரு மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: சென்னை ஆற்றங்கரைக் குடியிருப்புகள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

1. ஊருணிக்கரை, கோட்டையூர்

சாக்கோட்டை, கல்லல், புதுவயல் பக்கமிருந்து கட்டட வேலைக்குச் சென்னை போன குடும்பங்கள் நிறைய. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் முதலில் ஓலை, பிறகு ஹாலோபிளாக், மேலே ஆஸ்பெஸ்டாஸ் என்று இருக்கிறார்கள். முன்னால் ஆறு, பின்னால் இருபது மாடி, நடுவில் ஒரு மதில்.

ஒரு நாள் காலையில் யாரோ வந்து, காலி செய்வதற்கான கணக்கெடுப்பு என்று கதவில் சுண்ணாம்பால் நம்பர் போட்டுவிட்டுப் போகிறார்கள். "கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?" என்று முதல் போன் ஊருக்குத்தான் வருகிறது. இங்கே இருப்பவர்களுக்கும் சொல்லத் தெரிவதில்லை. நில விவகாரம், மழை, மதில், புது அடுக்குமாடியில் தண்ணீர், லிஃப்ட் என்று எதில் விவரம் தெரிந்தாலும் எழுதுங்கள். பரிதாபம் வேண்டாம். போனில் திருப்பிச் சொல்லக்கூடிய விவரம் வேண்டும்.

2. வளவு, காரைக்குடி

நிலத்திலிருந்து தொடங்குவோம்.

குடிசையும் கோபுரமும் ஒட்டி நிற்பது தற்செயல் இல்லை. ஆற்றோரம், கால்வாயோரம், ரயில் பாதையோரம் எல்லாம் புறம்போக்கு. விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அதனால்தான் காசில்லாதவர் அங்கே குடியேற முடிந்தது. அதற்கு அடுத்த சர்வே எண் பட்டா நிலம். ஊர் வளர்ந்ததும் அந்தப் பட்டா நிலத்துக்கு விலை ஏறியது. வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கோடு.

ஆகவே முதல் வேலை சர்வே எண் கண்டுபிடிப்பது. வந்த அறிவிப்பில் சர்வே எண், உட்பிரிவு எண் இரண்டும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அரசின் இணையச் சேவையில் நிலப் பதிவேட்டில் வகைப்பாட்டைப் பார்க்கலாம். ஆறு, வாய்க்கால், ஏரி என்று இருந்தால் ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. அங்கே பட்டா எதிர்பார்க்க வேண்டாம். வேறு வகை என்றால் பேச இடம் உண்டு.

அடுத்தது, அந்த இடம் அறிவிக்கப்பட்ட குடிசைப்பகுதியா? 1971ஆம் ஆண்டுக் குடிசைப்பகுதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் அரசு அறிவிக்கை செய்த இடங்கள் இவை. சென்னையில் 1971இல் 1,202 இடங்களை அறிவித்தார்கள். 1985இல் மேலும் 17. அதோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு முளைத்த பகுதிகளுக்கு அந்தக் காப்பு கிடைக்காமல் போனதுதான் பெரிய சிக்கல். அறிவிக்கப்பட்ட இடமாக இருந்தால் 29ஆம் பிரிவு துணைக்கு வரும். உரிய அதிகாரியின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது.

அறிவிக்கப்படாத இடத்துக்கு அனேகமாக 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் வரும். 7ஆம் பிரிவு நோட்டீஸ் என்றால் "ஏன் காலி செய்யக் கூடாது, காரணம் சொல்" என்று அர்த்தம். பதில் சொல்லக் கெடு கொடுத்திருப்பார்கள். வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு. ஒட்டிவிட்டுப் போனாலும் உங்கள் கைக்கு வந்ததாகவே கணக்கு. வாங்குங்கள், வாங்கிய தேதியை எழுதுங்கள், பதில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மூன்று கேளுங்கள்: குடிசைப்பகுதி அறிவிக்கை நகல், அந்த சர்வே எண்ணின் புலப்பட (நில அளவை வரைபட) நகல், பயனாளிகள் பட்டியல். 30 நாளில் பதில் தர வேண்டும். அதனால் நோட்டீஸ் வந்த பிறகு கேட்டால் நேரம் போதாது. நம்பர் போட்ட அன்றே போடுங்கள்.

குடிசைமாற்று வாரியத்தின் பெயர் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. மனுவில் பழைய பெயரை எழுதாதீர்கள்.

3. மேஸ்திரி, பள்ளத்தூர்

நான் மதிலப் பத்தி மட்டும் சொல்றேன். உயிர் போற விஷயம் அதுலதான் இருக்கு.

பெரிய கட்டடம் கட்டறவங்க மொதல்ல மனைய ரோட்டுக்கு மேல ரெண்டடி மூணடி ஒசத்துவாங்க. அந்த மண்ண மதில்தான் தாங்கும். ஆனா அது காம்பவுண்டுக்குன்னு போட்ட ஒன்பதங்குலச் சுவர், மண்ணத் தாங்கப் போட்டது இல்ல. அந்தப் பக்கம் மண், இந்தப் பக்கம் ஒரு முழத்துல குடிசை.

மழை நாள் கணக்கப் பாருங்க. சுவருக்குப் பின்னால 2 மீட்டர் தண்ணி நின்னா, ஒரு மீட்டர் நீளச் சுவரு மேல 2 டன் தள்ளும். அதே ஒரு மீட்டர் ஒன்பதங்குலச் சுவரு 2 மீட்டர் ஒசரத்துக்கு ஒரு டன் எடை கூட வராது. தண்ணி 1 மீட்டர்தான் நின்னா தள்ளுறது அரை டன். ஒசரம் ரெட்டிச்சா தள்ளு நாலு மடங்கு. இதுதான் எல்லாரும் விட்டுடற கணக்கு. "போன வருசமும் தண்ணி நின்னுச்சு, ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லக் கூடாது.

2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். ஒரு வீட்டோட கருங்கல் மதில் விடியக்காலை மழைல பக்கத்து வீடுகள் மேல சாஞ்சு 17 பேர் போனாங்க. தூங்கிட்டிருந்த சனம்.

குடிசைப் பக்கம் நின்னு பாக்க வேண்டியது என்னன்னா, அடிமட்டத்துல படுக்கையா ஒரு விரிசல் ஓடுதா? அது தள்ளு விரிசல். நெட்டுக்குத்தா ஓடுற விரிசல் அஸ்திவாரம் எறங்கினது, அதுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. தூக்குக்குண்ட உச்சியில புடிச்சு விடுங்க. 2 மீட்டர்ல ஓரங்குலத்துக்கு மேல வெளிய தள்ளியிருந்தா அந்தச் சுவரடியில யாரையும் படுக்க விடாதீங்க. பூச்சுல ஈரக்கோடு எந்த ஒசரத்துல நிக்குதோ, அந்தப் பக்கம் தண்ணி அந்த மட்டுக்கு நின்னிருக்குன்னு அர்த்தம்.

சரி செய்ய, ஒன்றரை மீட்டருக்கு ஒண்ணா 3 அங்குலக் குழாய் சொருகுவாங்க, பின்னால ஒரடி கனத்துக்கு 40 எம்எம் ஜல்லி. ஜல்லி போடாம குழாய மட்டும் சொருகினா ஒரே மழையில சேறு அடைச்சுக்கும். அதோட ஒண்ணு கவனிங்க, அந்தக் குழாய் தண்ணி குடிசைக்குள்ளதான் விழும். அதனால சரியான வழி மனைக்கு உள்பக்கமே சுவரடியில ஒன்றரையடி அகலக் கான்கிரீட் வாய்க்கால் போட்டு ரோட்டு மழைநீர் வடிகால்ல சேக்கறது. குழாய் கூடுதல் பாதுகாப்புக்கு. மனு எழுதும்போது "வாய்க்கால்"னு எழுதுங்க. "ஓட்டை போடுங்க"ன்னு எழுதினா ஓட்டைய மட்டும் போட்டுட்டுப் போயிருவாங்க.

தோண்டின மண்ண மதில் மேல சாச்சுக் கொட்டறதப் பாத்தா அன்னிக்கே மாநகராட்சி 1913க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கி வைங்க.

4. வளவு, காரைக்குடி

மேஸ்திரி அண்ணே சொன்னதோடு இன்னொரு கணக்கு. ஒரு ஏக்கர் மனையில் 5 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 17 லோடு. முன்பு அது மண்ணில் பாதி இறங்கியது. இப்போது தரை முழுக்க கான்கிரீட் என்றால் அரை மணியில் அத்தனையும் தாழ்வான பக்கத்துக்கு வரும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003லிருந்து கட்டாயம்தான். அந்தச் சேகரிப்புக் கிணற்றை ஐப்பசிக்கு முன்னால் தூர்வாரவில்லை என்றால் அது வெறும் மூடிபோட்ட தொட்டி.

5. தேனாற்றுக்காரன், குன்றக்குடி

எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆற்றங்கரையில் வருஷா வருஷம் வெள்ளத்தில் மிதப்பதைவிட, அரசு கொடுக்கும் கான்கிரீட் வீட்டுக்குப் போவது நல்லதுதானே? 2015 டிசம்பரில் அடையாறு என்ன செய்தது என்று பார்த்தோம். வீட்டுக்குள் கழிப்பறை, மின் இணைப்பு, குழாய் எல்லாம் கிடைக்கிறது. நாம் இங்கே இருந்துகொண்டு "போகாதே" என்று சொல்வது சரியா?

6. இரண்டாங்கட்டு, தேவகோட்டை

தம்பி, கேள்வி நியாயமானது. ஆற்றுக்குள் இருப்பவர்கள் எழும்பத்தான் வேண்டும். எங்கே போகிறார்கள் என்பதுதான் விஷயம்.

நம்ம செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சமையலுக்கு, பாத்திரத்துக்கு, மாட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பின்வாசலில் நுழைவார்கள். அவர்கள் குடியிருப்பு நடை தூரத்தில் இருந்ததால்தான் அவ்வளவு பெரிய வீடு நடந்தது. சென்னைக் கோபுர வீடும் அதேதான். அறுநூறு வீடு உள்ள அடுக்குமாடிக்குக் காலை ஆறரைக்கு வேலையாள் வேண்டும். மதிலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் பத்து நிமிடத்தில் நடந்து வருகிறார்.

அந்தப் பெண்ணின் நாளைக் கணக்குப் போடுங்கள். காலையில் மூன்று வீடு, வீட்டுக்கு ஒன்றரை மணி. பதினொன்றுக்குத் திரும்பி வந்து தன் வீட்டுச் சோறு. மாலையில் பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் ஒரு வீடு. ஆக நான்கு சம்பளம். இவரை, சென்னையின் தெற்கே மறுகுடியமர்வு அடுக்குமாடிகள் உள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றுங்கள். நகரின் நடுப்பகுதி சுமார் 25 கிலோமீட்டர். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. முதலில் கைவிட்டுப் போவது ஆறரை மணி வீடு. அடுத்தது மாலை வீடு, ஏனென்றால் திரும்பி வந்துவிட்டு மறுபடி போக முடியாது. மிஞ்சுவது இரண்டு சம்பளம். 2021லிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது உண்மையாகவே பெரிய உதவி. ஆனால் அது காசைத்தான் மிச்சப்படுத்தும். மூன்று மணி நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கு மேல் வீடு, பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேல். அத்தனை குடும்பங்களையும் ஒரே திசையில் ஒரே இடத்தில் குவித்தால் அங்கே பக்கத்தில் அத்தனை பேருக்கும் வேலை எப்படிக் கிடைக்கும்? ஐ.டி. சாலை அருகில்தான் இருக்கிறது, அங்கே துப்புரவு, காவல் வேலை உண்டு. இருந்தாலும் எண்ணிக்கை பொருந்தாது.

நான் சொல்வது இதுதான். ஆற்றங்கரைக் குடும்பத்தின் சொத்து அந்தக் குடிசை இல்லை, அந்தப் பத்து நிமிட நடை. 300 சதுர அடி கொடுத்து அந்த நடையை எடுத்துக்கொண்டால் குடும்பம் நஷ்டப்படுகிறது. "போகாதே" என்று சொல்ல வேண்டாம். "எத்தனை கிலோமீட்டருக்குள்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம் பற்றியும் ஒன்று. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் காலி செய்யச் சொன்னால் கல்வியாண்டு முடியும்வரை அவகாசம் கேட்டு எழுதிக் கொடுங்கள். புது இடத்தில் மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

7. மோட்டார் ரூம், புதுவயல்

தேவகோட்டை ஆச்சி சொன்னதற்கு அடுத்த பாதி, போய்ச் சேர்ந்த பிறகு.

குடிசைப் பகுதியில் தெருக்குழாய்க்குத் திட்டமிடும் அளவு ஆளுக்கு நாளைக்கு 40 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரில் வீட்டுக்குழாய்க்கு 135 லிட்டர். ஐந்து பேருக்கு 200 லிட்டர் எங்கே, 675 லிட்டர் எங்கே. 15 லிட்டர் குடத்தில் பதினான்கு நடைக்கும் நாற்பத்தைந்து நடைக்கும் உள்ள வித்தியாசம். எனவே அடுக்குமாடியில் தண்ணீர் ஏறினால் அது பெரிய முன்னேற்றம். ஏறாவிட்டால் ஏழாவது மாடிக்குக் குடம் தூக்க வேண்டும். மாடிக்கு 20 படி என்றால் 140 படி.

ஏன் ஏறுவதில்லை? மின்கட்டணம் அதிகம் என்பார்கள். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. 96 வீட்டுக்கு நாளைக்கு 65,000 லிட்டர், 30 மீட்டர் உயரம், மோட்டார் பாதித் திறனில் ஓடினாலும் 11 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு வீட்டுக்கு நாளைக்கு 0.11 யூனிட். உண்மையில் கெடுவது சின்னச் சாமான்கள். மேல்தொட்டி மிதவை சிக்கினால் தண்ணீர் வழிந்து ஓடும், சம்ப் (கீழ்த்தொட்டி) காலியாகி மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகும். ஒருவழி வால்வு கசிந்தால் மோட்டார் நின்றதும் ஏற்றுக் குழாயில் உள்ள தண்ணீர் சம்புக்கே திரும்பும். நிறுத்தியதும் குழாயில் "தடக்" என்று சத்தம் வந்து சம்பில் நீர் விழும் ஓசை கேட்டால் அதுதான். இரண்டு மோட்டார் வைத்திருப்பார்கள், ஒன்றைத் தொடவே மாட்டார்கள். முதலாவது கருகும் அன்று இரண்டாவது துருப்பிடித்துச் சுற்றாது. வாரம் மாற்றி வாரம் ஓட்டுங்கள்.

லிஃப்ட். பாதிப் பழுது கதவில்தான். வாசற்படிப் பள்ளத்தில் மணல், விதை, பிளாஸ்டிக் சிக்கும், கதவு முழுக்க மூடாது. மூடாவிட்டால் பாதுகாப்பு மின்சுற்று துண்டாகிவிடும், லிஃப்ட் நகராது. பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தினம் ஒரு முறை கூட்டினால் போதும். அடுத்தது தாழ்வாரம் கழுவிய தண்ணீர் குழிக்குள் இறங்குவது. கீழே உள்ள சுவிட்சுகள் துருப்பிடிக்கும். கதவுக்கு முன் அரை அங்குல மேடு வைத்தால் தீரும். 8 பேர் லிஃப்ட் என்றால் 544 கிலோ, பீரோவும் ஆட்களும் சேர்த்து ஏற்றாதீர்கள். லிஃப்டுக்கு உரிமம் உண்டு, அது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குடிபுகும் அன்றே குடியிருப்போர் சங்கம் பதிவு செய்து, வங்கிக் கணக்கில் மூன்று கையெழுத்து வைத்து, மாதப் பராமரிப்புத் தொகையைத் தொடங்குங்கள். முதல் பழுதுக்குப் பிறகு வசூலிக்கப் போனால் கீழ்த்தள வீடுகள் "எங்களுக்கு லிஃப்ட் எதற்கு" என்று விலகிவிடும். ஏழாம் மாடி மட்டும் தவிக்கும்.

8. அறுபதடி ரோடு, தாராவி (சொந்த ஊர் கல்லல்)

மும்பைக் கணக்கு வேறு மாதிரி, தெரிந்துகொள்வது நல்லது.

இங்கே 1995லிருந்து ஒரே மனையில் இரண்டையும் கட்டும் முறை. குடிசைவாசிக்கு இலவச வீடு, அதற்கு ஈடாகக் கட்டுபவருக்குக் கூடுதல் தளப்பரப்பு, அதில் விலை உயர்ந்த கோபுரம். இலவச வீடு முதலில் 225 சதுர அடி, பிறகு 269, இப்போது 300. தாராவி சுமார் 590 ஏக்கர். மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம். அதனால்தான் இந்த நிலத்தின் மேல் இவ்வளவு கண்.

நல்லது என்னவென்றால் ஆள் இடம் மாறுவதில்லை, நடை தூரம் தப்பிக்கிறது. கெடுவது இரண்டு இடத்தில். முதலாவது, நிலத்தை மிச்சப்படுத்த இலவசக் கட்டடங்களை நெருக்கிவிடுவது. கோவண்டி பக்கத்து மறுவாழ்வுக் கட்டடங்களில் இடைவெளி 3 மீட்டர்தான்; கீழ்மாடிகளில் பகலிலும் விளக்கு. அங்கே காசநோய்க்கும் வெளிச்சமின்மைக்கும் உள்ள தொடர்பை 2018இல் ஆய்வு செய்து காட்டினார்கள். முற்றம் வைத்துக் கட்டிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரைபடத்தைக் காட்டும்போது வீட்டின் அளவை மட்டும் பார்க்காமல் எதிர்க்கட்டடம் எத்தனை மீட்டரில் என்று கேளுங்கள்.

இரண்டாவது, தகுதித் தேதி. 1.1.2000க்கு முன் இருந்ததற்குச் சான்று உள்ளவருக்கு இலவசம், பிறகு 2011 வரை வந்தவருக்குக் காசு கட்டி. தாராவியில் மாடியறையில் இருப்பவர்களுக்கு அதே இடத்தில் இலவச வீடு இல்லை, வெளியே வாடகை வீட்டுத் திட்டம். கீழே கடை, மேலே குடும்பம் என்று வாழும் ஊரில் இது எத்தனை பேரைத் தொடும் என்று பாருங்கள். தோல் பட்டறை, மண்பாண்டம், இட்லி வியாபாரம் எல்லாம் தரைத்தளத் தொழில். ஐந்தாம் மாடியில் சூளை வைக்க முடியாது.

1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது. நடைபாதைவாசிகள் தொடுத்த இந்த ஊர் வழக்கு அது. மனுவில் குறிப்பிடலாம். ஆனால் அதே தீர்ப்பு நடைபாதையிலிருந்து அகற்றவே கூடாது என்று சொல்லவில்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

9. ஊருணிக்கரை, கோட்டையூர்

நிறையத் தெளிவானது. ஒரு கேள்வி. ஒரே குடிசையில் அப்பா, கல்யாணமான இரண்டு மகன்கள் என்று மூன்று குடும்பம். எத்தனை வீடு கிடைக்கும்? அதே இடத்தில் இடித்துக் கட்டுகிறோம் என்றால் இடைக்காலத்துக்கு என்ன?

10. வளவு, காரைக்குடி

கணக்கெடுப்பு நாளில் எத்தனை ரேஷன் அட்டையோ, பெரும்பாலும் அத்தனை குடும்பம் என்றுதான் எழுதுவார்கள். கல்யாணம் ஆனதும் தனி அட்டை வாங்காமல் விடுவதுதான் பின்னால் அடிக்கிறது. நம்பர் போட்ட பிறகு பிரித்தால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஆதார், வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது எல்லாவற்றிலும் ஒரே முகவரி, ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். கைரேகை எடுக்கும் நாளில் ஊர்த் திருவிழாவுக்கு வந்துவிட்டால் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வரி எத்தனையோ குடும்பத்தை விட்டிருக்கிறது. கதவில் எழுதிய எண்ணோடு குடும்பத்தை நிறுத்தி ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒதுக்கீடு வழக்கமாகக் குடும்பத் தலைவி பெயரில், ஆகவே அவருடைய ஆவணங்கள்தான் முதலில் சரியாக வேண்டும்.

அதே இடத்தில் மறுகட்டுமானம் என்றால் காலி செய்பவருக்குத் தரும் தொகை 8,000லிருந்து 24,000 ஆகியிருக்கிறது. கட்ட 18 மாதம் என்றால் மாதத்துக்கு 1,333 ரூபாய். சென்னையில் அந்த வாடகைக்கு அறை இல்லை. வேலை நீண்டால் இன்னும் குறையும். அதனால் எழுத்தில் கேட்க வேண்டியது, முடிக்கும் தேதி ஒன்று, திரும்ப வரும் உரிமையை வீட்டு எண்ணோடு குறிப்பிடும் அடையாளச் சீட்டு ஒன்று. சீட்டு இல்லாமல் சாமானை வெளியே எடுக்க வேண்டாம். சாவி வாங்கும் நாளில் சுவரைச் சாவியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு பிடிக்கவில்லை. புளியந்தோப்பில் 2021இல் புதுக் கட்டடத்துப் பூச்சு கையில் உதிர்ந்து, ஐ.ஐ.டி. ஆய்வு வரை போனது. குறையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

11. மேஸ்திரி, பள்ளத்தூர்

கடைசியா நம்ம ஊருக்கு. காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆயிருச்சு. சுத்துப்பட்டு எல்லாம் பிளாட் போடறாங்க. ஆத்தங்குடிக் கல்லும் தேக்குத் தூணும் வச்சு வில்லா கட்டறாங்க, கட்ட வர்ற சனம் பத்துக்குப் பத்து தகரக் கொட்டாயில கெடக்கு. 2025 நவம்பர்ல புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வர்ற வரைக்கும் 1996 கட்டடத் தொழிலாளர் சட்டம் 34ஆம் பிரிவுல இருந்தது இது: தங்க எடம், தனியா சமைக்க எடம், குளிக்க, கழிப்பறை எல்லாம் வேலை குடுக்கறவர் பொறுப்பு. தகரத்துக்கு மேல தென்னங்கீத்து ஒரு அடுக்கு போட்டாக்கூட வெக்கை தாங்கலாம், அதையும் செய்யறதில்ல.

12. இரண்டாங்கட்டு, தேவகோட்டை

மேஸ்திரி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலையும் பூங்கா ஒதுக்கீடும் போக மிச்சத்தில் 10 விழுக்காடு நலிந்த பிரிவினருக்குச் சிறு மனைகளாக விட வேண்டும் என்று 2019 கட்டட விதிகளில் இருக்கிறது. அந்த மனைகளை வாங்கிச் சேர்த்து ஒரே ஆள் ஒன்றாக்கிவிட்டால் விதி ஏட்டோடு போகும். உங்கள் ஊரில் புது மனைப்பிரிவு அறிவிப்புப் பலகை வைத்தால் அனுமதி எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்குங்கள். சிறு மனைகள் எந்த மூலையில் இருக்கின்றன, அவற்றுக்குச் சாலை எத்தனை அடி, கண்மாய்த் தாழ்வில் தள்ளியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.